பூட்டைத் திறவுங்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பொன்னாடைக்குப் பணம் தந்தும் தமக்கொன்று வேண்டாமென்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் புரவலர் அவர்களே, நூலகத் தோழர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். சீட்டு எழுதித் தந்தவர் கையெழுத்து அப்படி.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம் பற்றி மூன்று செய்திகள்: அதை வளர்த்த மனிதர், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மெக்கன்சி திரட்டிய சுவடிகள், 1936-இல் மெரினா எதிரே திறந்த கட்டடம்.

முதலில் மனிதர். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் நூலகர் ஆனார். கொஞ்ச நாளிலேயே தனிமை தாங்கவில்லை. வகுப்பு இல்லை, பையன்கள் இல்லை; அலமாரியோடு எவ்வளவு நேரம் பேசுவது? பழைய கல்லூரி முதல்வரிடமே போய், என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். லண்டன் போய்ப் படித்து வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார் முதல்வர். போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ பொம்மை. அதே தகடு, அதே திருகாணி. இப்படி முடுக்கினால் ஒரு பொம்மை, அப்படி முடுக்கினால் வேறொன்று. நாமாயிருந்தால் விலை கேட்டிருப்போம். அவருக்கோ நூல்களை வகைப்படுத்த வழி கிடைத்தது! 1933-இல் வெளியான கோலன் பகுப்புமுறைக்கு அதுதான் விதை. அதில் ஒரு நூலின் பொருளைச் சொல்லும் குறிகளை இணைக்கும் முக்காற்புள்ளிதான், அதாவது கோலன்தான், திருகாணி. 1925-இல் ஊர் திரும்பியவர் கணக்கு வகுப்பைக் கேட்கவே இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் பாட்டி சொல்வாள். பூட்டிய அலமாரிப் புத்தகமும் அப்படித்தான். ரங்கநாதன் 1931-இல் சொன்ன ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. வாசகர் தாமே எடுத்துப் பார்க்கட்டும் என்று பல்கலைக்கழக அலமாரிகளைத் திறந்துவிட்டார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியிலேயே நூலகம் போனது.

சரி, இன்று? நான் போன ஒரு பள்ளியில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் ஒரு இரும்பு பீரோ. சாவி யாரிடம்? மாறுதலாகிப் போனவரிடம். கண்ணாடி வழியே பாரதியின் முதுகு மட்டும் தெரிகிறது. ஏட்டுச் சுரைக்காய்கூட இல்லை ஐயா, ஏட்டையே காட்ட மாட்டேன் என்கிறார்கள்!

சுவடிகளையும் கட்டடத்தையும் சொல்ல நேரமில்லை. தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். பள்ளி பீரோக்களைத் திறக்கக் கோரும் மனு வாசலில் மேசைமீது இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, இழுக்காதீர்கள்.