கல் நிற்பதும் கையால்தான்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, பாம்பன் கடற்கரையில் இவ்வளவு நேரமாகியும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நம் மரபைப் பெரிதும் தாங்கி நிற்பது கட்டடக் கலையா, நாட்டார் கலையா?" என்பது தலைப்பு. நான் நாட்டார் கலையின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் நேராக இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்துக்குள் போய் நின்றுகொண்டார். 18ஆம் நூற்றாண்டில் சேதுபதிகள் எழுப்பியது, 1212 தூண்கள் என்று கணக்குச் சொன்னார். "இதற்கு ஈடாக உங்கள் கும்மியையும் ஒயிலையும் காட்டுங்கள் பார்ப்போம்" என்று கேட்டார். அந்தப் பிரகாரத்தின் பெருமையை நான் ஒரு சொல்கூடக் குறைத்துப் பேச மாட்டேன். அது நம்முடைய சொத்து. ஆனால் அண்ணன் தூண்களை எண்ணினாரே தவிர, அவை எப்படி வந்தன என்று கேட்கவில்லை. இந்தத் தீவில் கருங்கல் ஏது? இங்கே இருப்பது மணலும் பவளப் பாறையும். பாம்பன் ரயில் பாலம் வந்தது 1914இல். சாலைப் பாலம் 1988இல். அப்படியானால் அந்தக் கருங்கல் முழுவதும் கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ஏற்றிய பாரத்தோடு எந்தக் காற்றில் இந்த நீரிணைக்குள் இறங்கலாம், கச்சான் காற்று அடித்தால் என்ன ஆகும், வாடை திரும்பினால் எங்கே ஒதுங்கலாம் என்று தெரிந்த கடலோடி இல்லாமல் ஒரு தூண் இங்கே வந்து சேர்ந்திருக்குமா? கரையில் இறக்கிய கல்லை நூறு கைகள் ஒரே மூச்சில் இழுக்க வேண்டுமே, ஒரு குரல் எடுத்துக்கொடுக்காமல் அந்த நூறு கைகளும் எப்படி ஒரே கையாகும்? அந்தப் பாட்டுக்காரன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவனுக்காகத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

கரைவலை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகு கடலுக்குள் அரை வட்டமாகப் போய் வலையை விரித்து, இன்னொரு முனையோடு கரைக்கு வரும். இரண்டு முனையிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க வேண்டும். நடுவில் மீன் சேரும் பை, அதுதான் மடி. இந்தப் பக்கம் வேகமாகவும் அந்தப் பக்கம் மெதுவாகவும் இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் வழி கண்டுவிடும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நல்ல தூரம். கடல் இரைச்சல் வேறு. அங்கே அளவுகோல் எது? அம்பாப் பாட்டுதான். ஒருவர் அடி எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்கிப் பாடுவார்கள். அந்த வாங்கலில்தான் கால் பின்னால் நகரும், கை கயிற்றை விழுங்கும். வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு நிதானமாக நடக்கும். மடி கரையை நெருங்க நெருங்க அடி சுருங்கும், வேகம் ஏறும், இழுப்பவன் மூச்சும் கூடவே ஏறும். பாட்டுக்குள் குலசாமி வருவார், அந்தோணியார் வருவார், நாகூர் ஆண்டவர் வருவார், கடன் வரும், கொழுந்தியாள் வருவாள், போன வருசப் புயல் வரும். எடுத்துக்கொடுப்பவர் நின்ற இடத்திலேயே புது அடி கட்டுவார். எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. நடுவர் அவர்களே, இலக்கணம் படிக்காத ஒரு மனிதர், முழங்கால் தண்ணீரில் நின்று, உடம்பு முழுவதும் உழைத்துக்கொண்டே, எதுகை தப்பாமல் அடி கட்டுகிறார். இதை நான் எந்த மண்டபத்துக்கும் கீழே வைக்க மாட்டேன்.

சரி, முளைப்பாரிக்கு வருகிறேன். இராமநாதபுரம் சீமையில் முளைப்பாரி எடுக்காத ஊர் குறைவு. மண்ணும் எருவும் போட்டு, நவதானியம் தூவி, வெளிச்சம் படாத வீட்டில் வைத்து, பெண்கள் பக்குவமாகத் தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள். இரவானால் நடுவில் பாரியை வைத்துச் சுற்றிக் கும்மி. கடைசி நாள் ஊர்வலமாகப் போய் ஊருணியிலோ கண்மாயிலோ கடலிலோ கரைத்துவிடுகிறார்கள். எதிரணி அக்கா "கரைத்துவிட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது?" என்று கேட்டார். அக்கா, எந்த வீட்டு விதை நன்றாக முளைக்கிறது, எது சோடை என்று விதைப்புக்கு முன்னால் ஊரே கூடிப் பார்த்துவிடுகிறது, அது மிஞ்சுகிறது. மழையை நம்பிப் பிழைக்கிற வறண்ட சீமைக்கு அதைவிடப் பெரிய சேமிப்பு எது? பத்து வயதுப் பெண் பிள்ளை, பெரியவர்களுக்குப் பின்னால் கும்மி அடித்தே ஐம்பது பாட்டைப் பாடமாக்கிக்கொள்கிறாள், அதுவும் மிஞ்சுகிறது. கரைப்பதற்காகவே வளர்ப்பதால்தான் அடுத்த வருடமும் அவர்கள் வளர்த்தாக வேண்டியிருக்கிறது. கை மறக்காமல் இருக்கிறது.

கீழக்கரை ஜும்ஆப் பள்ளியையும் எதிரணி எடுத்துச் சொன்னது. திராவிடக் கட்டட முறையில் செதுக்கிய கல் தூண்களோடு ஒரு பள்ளிவாசல். இந்தக் கடற்கரையில் மதங்கள் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன என்பதற்கு நல்ல சாட்சி. ஒத்துக்கொள்கிறேன். அதைக் கட்டிய பெருமையை வள்ளல் சீதக்காதிக்கே ஊரார் கொடுக்கிறார்கள். ஆனால் கீழக்கரைக்கு ஒருநாளும் வராத கொங்கு நாட்டுக்காரனுக்கும் சீதக்காதியைத் தெரியுமே, அது யாரால்? "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று மக்கள் வாயில் வந்த ஒரு வரியால். கல் கீழக்கரையிலேயே நிற்கிறது. சொல் முந்நூறு வருடமாக ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் தனுஷ்கோடி. இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு. ரயில் நிலையம், தேவாலயம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் என்று ஓர் ஊருக்கு என்னென்ன கட்டடம் வேண்டுமோ அத்தனையும் இருந்த ஊர். விடிந்தபோது ஊர் இல்லை. இன்று சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கும் தேவாலயச் சுவரில் பவளக் கல் தெரியும். அந்தப் பவளக் கல் கட்டுமானமும் இந்தக் கரையின் மரபுதான். ஆனால் அதைத் திரும்பக் கட்டவே முடியாது, கட்டவும் கூடாது. 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள் பிழைத்தால்தான் மீன் பிழைக்கும், மீனவனும் பிழைப்பான் என்பதால் அது சரியான முடிவு. அந்தச் சுவருக்கு மறுபிறவி கிடையாது. ஆனால் அதே தனுஷ்கோடி மணலில் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள். வீட்டை இழந்தவன் பாட்டை இழக்கவில்லை. கடலிலிருந்து ஒரு பவளத்தையும் உடைக்காமல் அது மறுபடி மறுபடி பிறக்கிறது.

கட்டடம் என்றாலே எதிரணிக்கு அரண்மனையும் கோபுரமும்தான் கண்ணில் படுகிறது. ஓலை வீடு கட்டடம் இல்லையா? பனங்கையும் ஓலையும் பனை நாரும் கொண்டு கட்டிய வீட்டில்தான் இந்தக் கரையின் பெரும்பாலான மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை கூரை பிரித்து மேய வேண்டும். அக்கம்பக்கத்தார் எல்லாம் கை கொடுக்க வேண்டும். அந்தக் கூரைக்குக் கீழே என் அப்பத்தா ஓலை முடைந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். கருப்பட்டி போடுகிற பெட்டிக்கு நெருக்கமாக ஒரு முடைச்சல், மீன் அள்ளுகிற பெட்டிக்குத் தண்ணீர் வடிய இடம் விட்டு ஒரு முடைச்சல். சீர் கொண்டுபோகிற பெட்டிக்குக் குருத்தோலை, அதிலும் சாயம் தோய்த்த ஓலை கலந்து கட்டம் கட்டமாக. அளவு நாடா இல்லை, விரல்தான் அளவு. அந்த வீடு நம் மரபுக் கட்டடம் என்றால், அது நிற்பதும் நாட்டார் கலையால்தான்.

கல் கட்டடத்தை மட்டும் யார் தாங்குகிறார்கள்? கோயிலுக்கு ஏன் குடமுழுக்கு? சுதை உதிரும், வண்ணம் மங்கும், கொடுங்கை என்கிற வளைந்த கூரை விளிம்பு விரிசல் விடும். சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்த்துப் புளிக்க விட்டுப் பூசத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை இல்லாத இடங்களில் சிமெண்டைப் பூசினார்கள். மணலைப் பீய்ச்சியடித்துச் சிற்பங்களைச் சுத்தம் செய்தார்கள், மூக்கும் விரலும் நகையும் தேய்ந்து போயின. கல் இருந்தது, பக்குவம் தெரிந்தவரைக் கூப்பிடவில்லை. ஜப்பானில் இசே என்ற கோயிலை இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். மரம் புதிது. ஆனால் அதை ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட மரபு என்கிறார்கள், ஏனென்றால் தச்சனின் கை அறுபடவில்லை. கட்டடக் கலையின் உயிரே கைவினைஞனிடம் இருக்கிறது என்றால், எதிரணி இத்தனை நேரம் பேசியதும் எங்கள் பக்கத்துக்குத்தான்.

இப்போது என் மனதில் கனமாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். தேசியச் சின்னங்களுக்கு 1958இலேயே சட்டம் வந்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. வேண்டிய சட்டம்தான். உலக அளவில் யுனெஸ்கோ சின்னங்களுக்காக உடன்படிக்கை செய்தது 1972இல். பாட்டுக்கும் கூத்துக்கும் கைத்தொழிலுக்கும் உடன்படிக்கை வர 2003 ஆயிற்று. முப்பத்தொரு வருடம்! அந்த இடைவெளியில் எத்தனை பாட்டுக்காரர்கள் ஒரு பதிவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள்? நல வாரியம் இருக்கிறது, விருது இருக்கிறது, நன்றி. ஆனால் ஊரில் என்ன நடக்கிறது? பறை அடிக்க வருகிறவர் விடிய விடிய அடிக்க வேண்டும், பந்தியில் அவரைக் கடைசியில் உட்கார வைப்பார்கள். கரகம் ஆடுகிற பெண்ணிடம் கூட்டம் எப்படிப் பேசுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு "பிள்ளைகள் கலையைக் கற்றுக்கொள்ள வருவதில்லையே" என்று அங்கலாய்க்கிறோம். எந்தத் தகப்பன் தன் பிள்ளையை அந்த அவமானத்துக்கு அனுப்புவான்? கல்லில் செதுக்கிய ஆடல் பெண்ணுக்குப் பூ வைக்கிறோம், உயிரோடு ஆடுகிறவளுக்குச் சாதி கேட்கிறோம். இதைச் சொல்லாமல் மரபு மரபு என்று பேச எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லும்படி நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் விழாக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அம்பா பாடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வருடம் இந்தப் பட்டிமன்றத்துக்கு முன்னால் அவர்களை இதே மேடையில் ஏற்றுங்கள். எங்களுக்குப் போடும் அதே பொன்னாடையை அவர்களுக்கும் போடுங்கள். பேச வந்த எங்களுக்குக் கொடுக்கும் அதே தொகையை, ஒரு ரூபாய் குறையாமல், அவர்கள் கையில் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.