ஜிப்ஸிக்குப் பின்பக்கம் தூக்கியாச்சு! பிளாக்கும் இல்லை, நீள ஷேக்கிளும் இல்லை

வணக்கம் நண்பர்களே. முதலில் வண்டியைப் பாருங்கள், நம் மாருதி ஜிப்ஸி. கேமராவைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோகிறேன். தெரிகிறதா? முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மட்டம்! முன் ஸ்பிரிங் மாற்றின வீடியோ போட்டதிலிருந்து "அண்ணா, வண்டி பின்னால உட்கார்ந்த மாதிரியே இருக்கு" என்று எழுதிக்கொண்டே இருந்தீர்கள். எனக்கும் அது கண்ணை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பார்வைக்கு மட்டும் இல்லை. பின்னால் இரண்டு பேர் ஏறி, டூல் பெட்டியும் தண்ணீர் கேனும் வைத்துவிட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஹெட்லைட் எதிரில் வருகிறவர் முகத்தில் அடிக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. எதிரே வந்தவர்களெல்லாம் டிம் பண்ணச் சொல்லி லைட் அடித்தார்கள். நான் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன்!

சரி, எப்படித் தூக்கினேன் என்பதற்கு முன்னால், எதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளினேன் என்று சொல்கிறேன். இந்த பிளாக் விஷயத்தை, அதாவது ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸில் என்கிற சக்கர அச்சுக்கும் நடுவில் கட்டை வைப்பதை, இன்றோடு முடித்துவிடலாம். "பிளாக் போடுங்க, அரை நாள் வேலை" என்று எத்தனை பேர் சொல்கிறீர்கள்! ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே உட்காரும் பிக்கப் வண்டிகளில் அது நடக்கும். இங்கே குனிந்து பாருங்கள், டார்ச் அடிக்கிறேன். இது ஆக்ஸில். பட்டை பட்டையாக அடுக்கிய இந்த ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? ஆக்ஸிலுக்குக் கீழே. வண்டியின் எடை ஸ்பிரிங்கில் நிற்கிறது, ஸ்பிரிங் ஆக்ஸிலில் தொங்குகிறது. நடுவில் இரண்டு அங்குலக் கட்டையை வைத்தால் ஸ்பிரிங் இரண்டு அங்குலம் இறங்கும், கூடவே வண்டியும் இறங்கும். ஜிப்ஸிக்கு பிளாக் போட்டால் உயரம் குறையும், நண்பர்களே. தயவுசெய்து யாருக்கும் இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

அடுத்தது நீள ஷேக்கிள். ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கிற, ஆடும் இணைப்புதான் ஷேக்கிள். விலை குறைவு, கழற்றி மாட்டுவதும் சுலபம். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஷேக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையில்தான் இருக்கிறது, அதனால் இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது ஒரு அங்குலம்தான். பின் ஸ்பிரிங்கில் அது பின் முனையில் இருப்பதால், அந்த முனை இறங்கும்போது ஆக்ஸிலே சுழன்று, அதன் நடுவில் கியர்கள் இருக்கிற உருண்டையான டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே பார்க்க ஆரம்பிக்கும். சக்தியை அதற்குக் கொண்டுவருகிற ஷாஃப்டில் இரண்டு பக்கமும் ஜாயின்ட் இருக்கிறது இல்லையா, அந்த இரண்டு கோணமும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் வேக ஏற்ற இறக்கத்தை இன்னொன்று சரிக்கட்டும். கோணம் மாறிப்போனால் வேகம் எடுத்ததும் வண்டி அதிரும். அப்புறம் அதைச் சரிசெய்ய ஆப்பு மாதிரி ஒரு தகடு வைக்க வேண்டும். இது போதாதென்று நீளமான ஷேக்கிள் பக்கவாட்டிலும் ஆடும். வளைவில் பின்பக்கம் தனியாக நகருகிற மாதிரி ஒரு உணர்வு வரும். மலைப்பாதையில் அது எனக்கு வேண்டவே வேண்டாம்.

ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றுவதையும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் சாமுராய் என்று விற்றது இந்தக் குடும்பத்து வண்டிதான். பாறை ஏறுகிறவர்கள் அங்கே அதற்கு இந்த வேலையை விரும்பிச் செய்வார்கள். ஆக்ஸில் குழாயின் தடிமனும் ஸ்பிரிங் செட்டின் தடிமனும் சேர்ந்து ஐந்து அங்குலம் வரை ஒரே அடியாக ஏறும். ஆனால் ஆக்ஸிலில் ஸ்பிரிங் உட்காரப் புது இருக்கை வெல்டிங் செய்ய வேண்டும், ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், எல்லாம் மாற வேண்டும். பின்னால் மட்டும் செய்யவும் முடியாது. முன்னால் ஸ்டியரிங் ராடு வரைக்கும் வேலை போகும். 2375 மில்லிமீட்டர் வீல்பேஸ்தான் இந்த வண்டிக்கு. அவ்வளவு உயரத்தில் பக்கச் சரிவில் போக எனக்கு மனசு வராது. அதோடு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பெரிய மாற்றம் யோசிக்கிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

நான் செய்தது ஸ்பிரிங் செட்டையே புதிதாகப் போட்டது. நாமக்கல்லில் லாரி ஸ்பிரிங் செய்யும் பட்டறை. பழைய செட்டைக் கழற்றி வைத்ததும் அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு பாரம் ஏத்துவீங்க தம்பி?" எத்தனை அங்குலம் வேண்டும் என்று கேட்கவில்லை பாருங்கள். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பழைய பட்டையையே சூடு காட்டி வளைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "வளைக்கலாம். சூடு காட்டினா டெம்பர் போயிடும், திரும்பத் தோய்ச்சுப் பதம் பார்க்கணும். அப்பவும் பழைய இரும்பு பழைய இரும்புதான், மறுபடி படுத்துக்கும்" என்றார். குட்டையாக ஒரு பட்டை சேர்ப்பதும் வேண்டாம் என்றார். குட்டைப் பட்டை நடுவில் மட்டும் முட்டுக்கொடுக்கும், சவாரி விறைப்பாகிவிடும். மெயின் பட்டைக்கு அடுத்து நீளமான இரண்டாவது பட்டை ஒன்று கூடுதலாக வைத்து, மொத்தத்துக்கும் கொஞ்சம் கேம்பர், அதாவது வளைவு, ஏற்றிக் கொடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 11,000 ரூபாய்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மாட்டிக்கொண்டது எதில் தெரியுமா? சென்டர் போல்ட்! இதோ, கையில் வைத்திருக்கிறேன், 60 ரூபாய்ப் பொருள். ஸ்பிரிங் செட்டின் நடுவில் எல்லாப் பட்டையையும் கோத்து நிற்கிறது இது. இதன் தலைதான் ஆக்ஸில் இருக்கையில் இருக்கிற ஓட்டைக்குள் உட்கார்ந்து, ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது. ஜிப்ஸிக்கு உருண்டைத் தலை வேண்டும். செட்டோடு வந்தது அறுகோணத் தலை, லாரிக்குப் போடுகிற சைஸ். ஓட்டைக்குள் போகவே இல்லை. "யு போல்ட்டை முறுக்கினா தானா உட்கார்ந்துக்கும்" என்று பக்கத்திலிருந்த ஒருவர் சொன்னார். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கிற வளைந்த போல்ட்தான் யு போல்ட். எனக்குக் கோபமே வந்துவிட்டது. தலை உள்ளே போகாமல் முறுக்கினால் ஆக்ஸில் அந்தத் தலையின் மேல்தான் நிற்கும், பட்டையின் மேல் நிற்காது. ஓடுகிற ஓட்டத்தில் நகர்ந்து, ஒரு பக்கச் சக்கரம் முன்னே, இன்னொன்று பின்னே என்று கோணலாகிவிடும். நான்கு கடை ஏறி இறங்கினோம், கிடைக்கவில்லை. கடைசியில் தெருமுனை லேத் பட்டறையில் ஒரு தம்பி அந்தத் தலையை உருண்டையாகக் கடைந்து கொடுத்தார். கொண்டுவந்து வைத்தேன், "டக்" என்று உட்கார்ந்தது பாருங்கள்! அந்தச் சத்தத்தை ரெக்கார்டு பண்ணியிருக்கிறேன், கடைசியில் போடுகிறேன். லேத்துக்கு 100 ரூபாய். இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகச் சந்தோஷம் கொடுத்த 100 ரூபாய்.

ஆங், அளவு சொல்லவே இல்லையே. தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரில் காற்று குறைந்தாலே கணக்கு மாறிவிடும். சக்கர நடுவிலிருந்து நேராக மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். இடப்பக்கம் சரியாக இரண்டு அங்குலம் ஏறியிருக்கிறது. வலப்பக்கம் இரண்டரை, ஏனென்றால் பழைய ஸ்பிரிங்கில் அந்தப் பக்கம் அரை அங்குலம் அதிகமாகப் படுத்திருந்தது. இப்போது இரண்டும் ஒன்று.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஸ்பிரிங்கால் வண்டியின் உடம்புதான் ஏறும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்தில்தான் இருக்கும். பாதை நடுவில் இருக்கிற கல்லில் அது தட்டாமல் இருக்க வேண்டுமென்றால் பெரிய டயர்தான் வழி. டயர் விட்டம் ஒரு அங்குலம் கூடினால் அடியில் அரை அங்குலம் கிடைக்கும். பின் பம்பர் மேட்டில் உரசாமல் இறங்கவும், பாரம் ஏற்றினால் வண்டி உட்காராமல் இருக்கவும்தான் இந்த வேலை.

மாட்டும்போது ஷேக்கிள் போல்ட்டையும் ஸ்பிரிங்கின் முன் முனை வளையத்தில் போகிற கண் போல்ட்டையும் ஜாக்கியில் வைத்தே இறுக்கிவிடக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். ஷேக்கிளின் அடிப்பக்கம் லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஸ்பிரிங் நீள அதற்கு இடம் வேண்டும். யு போல்ட் நான்கும் புதுசு. பழையது ஏற்கெனவே இழுபட்டிருக்கும், திரும்பப் போடாதீர்கள்.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள், இதே வேலை உங்கள் வண்டிக்கும் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். 2020-க்கு முந்தைய சிஆர்டிஇ டீசல் மாடல் என்றால் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான், ஆனால் முன்னால் டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி, அதன் வழி தனி. புது தாருக்கும் ஜிம்னிக்கும் பின்னால் காயில் ஸ்பிரிங், அங்கே இந்தக் கதை எதுவும் பொருந்தாது.

வெறும் வண்டியில் சவாரி முன்பைவிடக் கொஞ்சம் விறைப்புதான். வேகத்தடையில் தெரிகிறது. நான்கு பேர் உட்கார்ந்தால் அருமை. ஷாக் மட்டும் இன்னும் பழசு. சேஸியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் இன்னும் இறங்க இடமிருக்க, ஷாக் முழுசாக நீண்டு நின்றுவிடுகிறது. பிரேக் ஹோஸில் தளர்ச்சி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டேன். நீளமான ஷாக் சொல்லிவிட்டேன், வந்ததும் மாட்டுகிற வீடியோ வரும். அதுவரை கரடுமுரடுப் பாதைக்கு வண்டியை எடுக்க மாட்டேன், ஊருக்குள் ஓட்டிப் பட்டை படிந்ததும் யு போல்ட்டை ஒரு சுற்று திரும்ப முறுக்கப் போகிறேன். இதோ, கேட்டீர்களே, அந்த "டக்" சத்தம்.