தட்டிப் பார்த்தால் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். கையில் இரண்டு உலோகத் துண்டுகளோடு வந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம் இருக்கும். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்துக் கரண்டியால் தட்டுகிறேன், கேளுங்கள். (தட்டும் ஒலி) முதல் துண்டு கணீரென்கிறது. (தட்டும் ஒலி) இரண்டாவது ‘டொக்’ என்கிறது. பானை வாங்கப் போனால் சுண்டிப் பார்ப்போமே, அதே சோதனைதான். இரண்டும் டைட்டானியம், இரண்டிலும் ஒரே அளவு சிலிக்கன். அப்புறம் ஏன் ஒன்று மட்டும் ஓட்டைப் பானை?

எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டானியம் 4.5. அதனால்தான் விமானம் செய்கிறவர்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். ஆனால் 600 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தளர்ந்துபோகிறது. முட்டுக்கொடுக்க டங்ஸ்டன் கார்பைடு மாதிரி ஒன்றைச் சேர்த்தால் எடை கூடிவிடும், அது 15.6 கிராம். டைட்டானியம் சிலிசைடு அப்படியில்லை. டைட்டானியம் அணு ஐந்து, சிலிக்கன் அணு மூன்று சேர்ந்த பொருள் அது. 4.3 கிராம்தான், தாயைவிடப் பிள்ளை இலேசு. உருகுநிலையோ 2,100 டிகிரிக்கு மேல். பிரிட்டனில் உருவான ஐஎம்ஐ 834 என்ற விமான எஞ்சின் உலோகத்தில் 0.35 சதவீத சிலிக்கன் உண்டு. நாங்கள் அந்த அளவைப் பல மடங்கு கூட்டி, கன அளவில் பத்தில் ஒரு பங்கு சிலிசைடாக இருக்கும்படி செய்கிறோம்.

செய்முறைக்குப் பெயர் சின்ட்டரிங். பொடியை அச்சில் இறுக்கி, வெற்றிட உலையில் 1,250 டிகிரி வரை சுடுவது. டைட்டானியம் உருக 1,668 டிகிரி வேண்டும், ஆக இங்கே அது உருகுவதே இல்லை. மழைக்காலத்தில் ஜாடி உப்பு கட்டி தட்டுகிறதல்லவா, அதுபோலத் துகளும் துகளும் தொட்ட இடத்தில் ஒட்டி, அந்த ஒட்டு மெல்ல மெல்லத் தடிக்கும். இடையிலுள்ள காலி இடம் சுருங்கும். வெற்றிடம் எதற்கு? சூடான டைட்டானியம் ஆக்சிஜனை விழுங்கிவிடும், விழுங்கியதைத் திருப்பித் தராது, பிறகு ஓடுபோல உடையும். துண்டை வைக்கிற அலுமினியம் ஆக்சைடுத் தட்டிலிருந்துகூட ஆக்சிஜனைப் பிடுங்கும். அதனால் தட்டுக்கு, ஆக்சிஜனை எளிதில் விட்டுத்தராத இட்ரியா என்ற பொருளைப் பூசுகிறோம்.

சரி, ‘டொக்’ துண்டுக்கு வருகிறேன். அது என் முதல் முயற்சி. 97.4 கிராம் டைட்டானியப் பொடியோடு 2.6 கிராம் சிலிக்கன் பொடி கலந்து சுட்டேன், உலைக்குள்ளேயே சிலிசைடு உண்டாகட்டும் என்று. சுருங்கி வரவேண்டியது உப்பி வந்தது. அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் சிலிக்கன் துகள் இருந்த ஒவ்வொரு இடத்திலும் அதே வடிவத்தில் ஒரு கறுப்புக் குழி. சிலிக்கன் வேகமாக டைட்டானியத்துக்குள் குடிபெயர்ந்துவிட்டது, காலி வீட்டுக்குப் பதிலுக்கு யாரும் வரவில்லை. போதாக்குறைக்கு, இரண்டும் சேர்ந்து சிலிசைடாகும்போது அவை தனித்தனியாக அடைத்திருந்த இடத்தில் 16 சதவீதம் குறைந்துவிடுகிறது. காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். போடவில்லை.

கணீர் துண்டுக்கு, முன்பே தயாரான சிலிசைடைச் சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு, அளவுக்கு அரைத்துச் சேர்த்தேன். டைட்டானியத்தையும் ஹைட்ரைடு, அதாவது ஹைட்ரஜன் சேர்ந்த டைட்டானியப் பொடியாக மாற்றிக்கொண்டேன். கீவ் நகரத்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கையாளும் வழி இது. ஹைட்ரைடு எளிதில் நொறுங்கும். அச்சில் அழுத்தும்போதே உடைந்து சந்துபொந்துகளை அடைக்கும். சூடேறியதும் ஹைட்ரஜன் வெளியேறி, புதுமுகத்தோடு டைட்டானியம் நிற்கும், அது நன்றாக ஒட்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் வாயு துண்டையே பிளந்துவிடும். 1,330 டிகிரியைத் தாண்டினாலும் ஆபத்து. டைட்டானியமும் சிலிசைடும் சேர்ந்திருந்தால், தனித்தனியே உருகும் சூட்டுக்கு வெகு முன்பே அங்கே உருகத் தொடங்கும், துண்டு குழைந்துபோகும்.

சிலிசைடை இரண்டு மடங்காக்கி மூன்றாவது துண்டு ஒன்றும் செய்தேன். இதைவிட அழகாக ஒலித்தது. ஆனால் சிலிசைடுப் படிகம் ஒரு திசையில் அதிகமும் இன்னொரு திசையில் குறைவுமாக விரிவது, ஆறும்போது உள்ளே மயிரிழை விரிசல்கள் விழும். போன வாரம் மேசையிலிருந்து விழுந்து இரண்டாக உடைந்துவிட்டது. அதனால்தான் இன்று இரண்டோடு வந்தேன். வணக்கம்.