சாஃப்ட் 18: சித்தப்பாவுக்கும் எனக்கும் நடக்கும் சண்டை

வணக்கம் நண்பர்களே. முத்தியால்பேட்டை மாடியில் காற்று பலமாக அடிக்கிறது. இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், கீழே சித்தப்பா இருப்பதால் இந்தக் காணொளியை அங்கே எடுக்க முடியாது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை பிளாக்ஜாக் ஆட்டம் உங்களுக்குத் தெரியும்: 21ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டும், காசு கிடையாது, புளியங்கொட்டைதான் பந்தயம், ஆறு கட்டுச் சீட்டு, சித்திதான் டீலர். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் சித்தப்பா பிளாக்ஜாக் என்று சொல்லவே மாட்டார், ‘வேன்தேயன்’ என்றுதான் சொல்வார். அந்தப் பழைய பிரெஞ்சு ஆட்டத்திலிருந்துதான் இது வந்தது என்பதால் அதில் எனக்கு வழக்கில்லை. வழக்கு போன வாரம் விழுந்த ஒரு கையைப் பற்றியது. எனக்கு ஆஸும் ஏழும் வந்தன, சித்தியின் முன்னால் 9 திறந்திருந்தது. சீட்டு கேட்டேன், 4 விழுந்து 12 ஆயிற்று. மறுபடியும் கேட்டேன், கிளாவர் ராஜா வந்து 22இல் முடிந்தது. சித்தப்பா காராசேவுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா, கையில பதினெட்டு இருக்கும்போது எவளாவது சீட்டு கேப்பாளா?” என்று சிரித்த சிரிப்பு பக்கத்து மாடி வரைக்கும் கேட்டது.

கேட்க வேண்டும், நண்பர்களே. தோற்றாலும் அதுதான் சரி. ஆஸை 11 என்று எண்ணும் கைக்குத்தான் சாஃப்ட் என்று பெயர். தேவைப்பட்டால் அதே ஆஸ் 1 ஆகிவிடும் என்பதால், அடுத்து வரும் ஒரு சீட்டால் நீங்கள் பஸ்ட் ஆகவே, அதாவது 21ஐத் தாண்டித் தோற்கவே முடியாது. சீட்டில் பதின்மூன்று வகை உண்டு, அவற்றில் நான்கு வகைக்குப் பத்து மதிப்பு. 9 காட்டும் டீலருக்கு அடியில் அந்த நான்கில் ஒன்று இருந்தாலே 19, உங்கள் 18 போயிற்று. அந்த இடத்தில் 100 கொட்டை வைத்து, மேலும் சீட்டு கேட்காமல் 18இல் நின்றால் சராசரியாகச் சுமார் 18 கொட்டை போகும். சீட்டு கேட்டால் சுமார் 10தான் போகும். இரண்டுமே நட்டம்தான், ஆனால் எட்டுக் கொட்டை எனக்கு எட்டுக் கொட்டைதான். ஆஸ்-ஏழுக்கு மூன்று முகம் உண்டு: டீலரிடம் 2, 7, 8 இருந்தால் நில்லுங்கள், 3 முதல் 6 வரை இருந்தால் டபுள் (பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்குவது), 9, 10, ஆஸ் இருந்தால் கேளுங்கள்.

ஆஸ்-ஆறு இதைவிட எளிது, ஏனென்றால் அதில் நிற்பது என்ற பேச்சே இல்லை. டீலர் 17க்குக் கீழே நிற்க மாட்டார். ஆகவே உங்கள் 17 அவரைச் சமன் செய்யலாமே தவிர, அவர் பஸ்ட் ஆனால் ஒழிய ஜெயிக்காது. சித்தப்பா அன்றே சித்தியின் 6க்கு எதிரே ஆஸ்-ஆறில் கையைக் கட்டிக்கொண்டார். சித்தி 16ஐத் திருப்பி, இன்னொன்று இழுத்து 18 ஆக்கினார். இரண்டு ஆட்டம் கழித்து அதே கை, அதே 6, எனக்கு வந்தது. டபுள் வைத்தேன். 4 விழுந்தது, 21! அந்தக் கொட்டைகளை நான் தனிக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன். 6 காட்டும் டீலர் நூற்றுக்குச் சுமார் 42 முறை பஸ்ட் ஆவார்; அங்கே 100 கொட்டைக்கு டபுள் வைத்தால் சராசரியாகச் சுமார் 25 கிடைக்கும், நின்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இப்போது, எந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் இந்த அட்டையைப் பாருங்கள். இதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் 3 ரூபாய்க்கு நகல் எடுத்தேன். கறுப்பு வெள்ளையில் ஹிட்டின், அதாவது சீட்டு கேட்பதன், பச்சையும் டபுளின் நீலமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. வண்ண நகல் 20 ரூபாய் என்றார்கள், சரி என்றேன். லேமினேஷனுக்கு 40 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஓரத்தை வெட்டும்போது ஆஸ்-இரண்டு வரிசையையும் சேர்த்தே வெட்டிவிட்டார்கள்! மறுபடியும் 60 ரூபாய். மொத்தம் 123 ரூபாய், ஓர் அட்டைக்கு! வெட்டுப்பட்ட அந்த வரிசையோடு மற்றவற்றையும் வாயாலேயே சொல்கிறேன்: ஆஸ்-இரண்டு, ஆஸ்-மூன்று என்றால் 5, 6க்கு எதிரே டபுள், ஆஸ்-நான்கு, ஆஸ்-ஐந்து என்றால் 4 முதல் 6 வரை, ஆஸ்-ஆறு, ஆஸ்-ஏழு என்றால் 3 முதல் 6 வரை, ஆஸ்-ஏழை விட்டுவிட்டால் மற்ற இடங்களில் எல்லாம் ஹிட். ஆஸ்-எட்டும் ஆஸ்-ஒன்பதும் வந்தால் பேசாமல் நில்லுங்கள்.

“இதெல்லாம் எவனோ இணையத்தில் கிளப்பிவிட்டது” என்கிறார் சித்தப்பா. பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட் என்ற நால்வர், அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது மேசைக் கணக்குப்பொறிகளைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து 1956இல் அச்சிட்ட கணக்கு இது; 9க்கும் 10க்கும் எதிரே சாஃப்ட் 18இல் நிற்காதே என்பது அதிலேயே இருக்கிறது.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். டபுள் முதல் இரண்டு சீட்டில்தான் வைக்க முடியும். ஆஸ்-இரண்டு-நான்கு என மூன்று சீட்டில் 17 வந்தால் ஹிட். மூன்று சீட்டில் 18 வந்து டீலரிடம் 3 முதல் 6 வரை இருந்தால் ஸ்டாண்ட், அதாவது நில்லுங்கள். இரண்டு ஆஸ் வந்தால் அதை சாஃப்ட் 12 என்று எண்ணாமல் இரண்டு தனிக் கைகளாகப் பிரித்துவிடுங்கள். இன்னொன்று, இந்த அட்டை டீலர் சாஃப்ட் 17இல் நிற்கும் ஆட்டத்துக்கானது. சித்தி அப்படித்தான் ஆடுகிறார். டீலர் அங்கே சீட்டு எடுப்பவராக இருந்தால் 2க்கு எதிரே ஆஸ்-ஏழும், 6க்கு எதிரே ஆஸ்-எட்டும் டபுளுக்கு மாறும்.

நேற்றிரவு சித்தப்பா மெல்ல வந்து, ஊருக்கு எடுத்துப்போக இந்த அட்டையில் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன், 3 ரூபாய் நகல்.