ஓரடி மேடும் பன்னிரண்டடி மேடும்

ஊராட்சித் தலைவர்களே, நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்களே, பள்ளி ஆசிரியர்களே, வணக்கம்.

ஊருக்கு நடுவே போகும் மாநில நெடுஞ்சாலையிலும் மாவட்டச் சாலையிலும் வண்டிகளின் வேகத்தை எப்படிக் குறைப்பது? இன்று அதை மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நின்றிருக்கும் பேருந்துக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் சாலையில் இறங்குகிறான். 28 மீட்டர் தள்ளி இரண்டு கார்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வருகின்றன. ஒன்று 50 கிலோமீட்டர் வேகம், மற்றது 60. காய்ந்த சாலை, நல்ல பிரேக், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நொடிக்குள் முதல் கார் 14 மீட்டர் ஓடிவிடும், இரண்டாவது கார் 17 மீட்டர். பிரேக் பிடித்ததும் முதல் கார் பையன்மேல் படாமல் நின்றுவிடும். இரண்டாவது கார் அவன் நிற்கும் இடத்தை அடையும்போது இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பத்துதானே கூட என்கிறோம். அந்தப் பத்து, மோதும்போது நாற்பதாக வந்து விழுகிறது. 30இல் வந்த வண்டியோ 14 மீட்டருக்குள்ளேயே நின்றிருக்கும். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு அறிவித்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் 30 என்று பலகை நட்டுவிட்டால் வேகம் குறைந்துவிடாது. ஏழு மீட்டர் அகலத்துக்குத் தார், நேர்கோட்டுச் சாலை, மறைப்பில்லாத பார்வை என்று இருந்தால் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும். ஆகவே பலகைக்கு முன்னால் அளவெடுங்கள். ரேடார் துப்பாக்கியோடு ஓட்டுநர் கண்ணில் படாத இடத்தில் நின்று, முன்னால் வேறு வண்டியில்லாமல் தன்போக்கில் வரும் நூறு வண்டிகளின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்தினால் 85ஆவதாக வரும் எண்தான் அந்தச் சாலையின் நடைமுறை வேகம். துப்பாக்கியைச் சாலைக்குச் சாய்வாகப் பிடிக்காதீர்கள். 20 டிகிரி சாய்ந்தால் உண்மை வேகத்தைவிட 6 சதவீதம் குறைவாகக் காட்டும். அந்த 85ஆவது எண் 65 என்று வந்தால், 30 பலகை அங்கே வெறும் தகரம்தான். சாலையின் உருவத்தையே மாற்ற வேண்டும்.

உடனே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வேகத்தடை. நம் ஊர்களில் பெரும்பாலும் போடுவது எது? ஒரு விபத்து நடக்கும், மறியல் நடக்கும், அன்று இரவே ஓரடி அகலத்தில், அரையடி உயரத்தில் சிமென்ட் கட்டி எழுந்துவிடும். அதன்மேல் மெதுவாகப் போனால்தான் உடம்பு குலுங்கும். வேகமாகப் போகும் காரில் அந்த அடியை டயரும் ஸ்பிரிங்கும் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. அதாவது வேகமாகப் போகிறவருக்கு அது சலுகை தருகிறது. அடிபடுவது யார்? இருசக்கர வண்டியின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் பெண், பேருந்தின் கடைசி இருக்கையில் இருக்கும் முதியவர். ஆத்திரத்தில் கட்டும் இந்த மேடுகளை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

சரியான வடிவத்தை இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் 1973இல் சோதித்துக் கண்டார். வண்டி போகும் திசையில் பன்னிரண்டடி அகலம், நாலங்குல உயரம், மேலே வட்ட வளைவு. சாலைகளுக்கு நெறிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் மாநாட்டின் 99ஆம் எண் நெறிமுறையும் 1988 பதிப்பில் அதையே சொன்னது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர், கடக்கும் வேகம் 25. இதில் மெதுவாகப் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. வேகம் கூடக் கூடத்தான் உடம்பு தூக்கிப் போடும். நமக்கு வேண்டியது இதுதான்.

போட்டு முடித்த மேடு சரியா என்று நீங்களே பார்க்கலாம். நடுவில் உயரம் 100 மில்லிமீட்டர். நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி 93, ஒரு மீட்டரில் 71, ஒன்றரை மீட்டரில் 34, 1.85 மீட்டரில் பூஜ்யம். இந்த அளவில் பலகையில் ஓர் அச்சு வெட்டி வைத்துக்கொண்டால் ரோலர் நிற்கும்போதே குறை தெரியும். பழைய தாரைக் கூட்டிச் சுத்தம் செய்து, தார் தெளித்து, அதன்மேல்தான் கலவையைப் போட வேண்டும். தெளிக்காமல் போட்டால் பேருந்து பிரேக் பிடிக்கும் பக்கத்தில் மேடு நகர்ந்து நெளியும். இரு விளிம்பிலும் பழைய தாரைச் சிறிது வெட்டிப் பள்ளமாக்கிக் கலவையைப் பதியுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய ஓரத்து ஜல்லி முதல் மழையிலேயே பெயர்ந்துவிடும். மண் ஓரத்தில் இடம் விட்டால் பைக்குகள் அத்தனையும் அதன் வழியாகத்தான் புகுந்து போகும், நடப்பவர்மேல் மோதும். அடியில் குழாய் போட்டுத் தண்ணீருக்கு வழி செய்துவிட்டு, மேட்டை ஓரம்வரை கொண்டுபோங்கள்.

ஒரே ஒரு மேடு போதாது. ஓட்டுநர் அதைத் தாண்டியதும் விட்ட வேகத்தைப் பிடித்துவிடுவார். 100 முதல் 120 மீட்டர் இடைவெளியில் வரிசையாக வேண்டும். வளைவிலும் பாலத்திலும் போடக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடைக்கே இடமில்லை.

இன்னொன்று, 80இல் வருகிறவர் பார்க்கும் முதல் தடங்கலாக இந்த மேடு இருந்துவிடக் கூடாது. 80இல் வரும் வண்டி பத்திரமாக நிற்க 120 மீட்டர் தேவை என்றே சாலை வடிவமைப்பில் கணக்கிடுகிறார்கள். எச்சரிக்கைப் பலகையோ 40 மீட்டருக்கு முன்னால்தான் இருக்கும். அதனால் ஊர் எல்லையிலேயே வண்டியை அதிரவைத்து எச்சரிக்கும் ரம்பிள் பட்டைகள், ஓரக்கோடு போட்டுக் குறுக்கிய தடம், ஊர்ப்பெயரோடு வேகப் பலகை என்று முன்கூட்டியே வேகத்தை இறக்குங்கள். ரம்பிள் பட்டையை வீடுகளிலிருந்து தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் இரவெல்லாம் சத்தம் தாங்காமல் மக்களே பெயர்த்துவிடுவார்கள். மேட்டின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டையும், நேர் மேலே ஒரு தெருவிளக்கும் கட்டாயம்.

காவல் துறைக்கும் ஒரு வார்த்தை. ஒற்றைக் கேமரா உள்ள இடத்தில் எல்லோரும் பிரேக் பிடித்துவிட்டு மறுபடி பறப்பார்கள். 60 வரம்புள்ள சாலையில் 5 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமரா வைத்தால், வரம்பை மீறாமல் 5 நிமிடத்துக்குள் யாரும் கடந்திருக்க முடியாது. நான்கு நிமிடத்தில் வந்தவர் 75இல் வந்திருக்கிறார்.

பணி முடிந்து ஒரு மாதம் கழித்து, அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் நூறு வண்டிகளை அளந்து பாருங்கள். 85ஆவது எண் இறங்காவிட்டால் இடைவெளியையும் வடிவத்தையும் திரும்பச் சரிபாருங்கள். சில ஆண்டுகளில் சாலைக்கு மறுபடி தார் போட வருவார்கள். அப்போது மேடு பாதி மறைந்து போகும், கோடுகளும் போய்விடும். ஆகவே மதிப்பீடு தயாராகும்போதே வேகத்தடை, வண்ணப் பூச்சு, பலகை மூன்றையும் தனித்தனி இனமாகச் சேர்க்கச் சொல்லி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள்.