ஐந்து வீடு மாறிய பூச்சி

அவையோருக்கு வணக்கம்.

தக்காளி பயிரிடுவோர் ஊசிப்புழுவை அறிவார்கள். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே பச்சையத்தைத் தின்று, வெளிறிய திட்டுகளை விட்டுச்செல்லும் புழு அது, காயையும் குடையும். அது வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சி, சாம்பல் நிறத்தில் அரிசிமணி அளவே இருக்கும். மகாராஷ்டிரத்தில் 2014இல் அதைக் கண்டறிந்தார்கள். விரைவிலேயே நம் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது.

அதற்குப் பெயர் வைத்தவர் எட்வர்ட் மேரிக், இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர். பெரு நாட்டின் உவாங்காயோவில் கிடைத்த அந்துவை 1917இல் விவரித்து, ஃப்தோரிமியா என்னும் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில், சேர்த்தார். வாழ்நாளில் 14,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களை விவரித்த மனிதர்! சிறகின் நரம்புகளையே பெரிதும் நம்பினார். இந்த அந்துக் குடும்பத்திலோ சிறகுகள் ஒன்றைப்போல் ஒன்று இருந்து ஏமாற்றும். பின்னால் வந்தவர்கள் வயிற்று நுனியை அறுத்து, இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பூச்சி பேரினம் விட்டுப் பேரினமாக வீடு மாறிக்கொண்டே இருந்தது. ஐந்தாவது வீடுதான் டூட்டா என்னும் பேரினம். மரபணுவையும் சேர்த்துப் பார்த்தபின், 2021இல் அதை மேரிக் வைத்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். உருளைக்கிழங்கைக் குடையும் அந்து இருக்கும் பேரினமும் அதுதான். தக்காளியும் உருளையும் ஒரே குடும்பச் செடிகள் என்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இது சிலிர்ப்பூட்டுகிறது.

உலகில் பெயரிடப்பட்ட அந்துகளும் வண்ணத்துப்பூச்சிகளும் சேர்ந்து சுமார் 1,60,000 இனங்கள். அவற்றில் வண்ணத்துப்பூச்சிகள் 18,000 அளவில்தான். நம் பூச்சியும் சேரும் 'சிறு அந்துகள்' என்பது ஒரே வழிவந்த குலமும் அன்று, நம் வசதிக்காகக் கட்டிய மூட்டை. காப்பித் தண்டைத் துளைக்கும் அந்து பெரிய உடல்காரன். ஆனாலும் வம்சாவளி பார்த்து அதையும் அந்த மூட்டையில்தான் போடுகிறார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். பெண் அந்துவின் வாசனையைக் காட்டி ஆணை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் வாசனை இனத்துக்கு இனம் வேறுபடும். பூச்சியைத் தவறாக அடையாளம் கண்டு பொறி வைத்தால் தோட்டம் அழியும், பொறி காலியாகவே தொங்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இலையில் பாம்புபோல் வளைந்தோடும் மெல்லிய கோடு பெரும்பாலும் ஒரு சிறு ஈயின் வேலை. அகன்ற திட்டாக இருந்தால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். அந்த இலையைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, பறித்த நாளையும் செடியின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். அந்து வெளிவந்ததும் புட்டியோடு வேளாண் அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.