எண் முந்தினால் ஒலி உடையும்

நேயர்களுக்கு வணக்கம். பாட்டு ஓடும்போது நடுவே ‘டக்’ என்று ஒரு சத்தம் விழுந்தால் ஒலிபெருக்கியைத்தான் முதலில் சந்தேகிப்போம். நான் எழுதிய ஒரு நிரலில் விழுந்த ‘டக்’ ஒலிபெருக்கியில் பிறந்ததல்ல.

ஒலிச் சாதனம் யாருக்காகவும் காத்திருக்காது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலி அலையைத் துளித்துளியாக அளந்த அளவுகள்) என்ற வேகத்தில் 128 மாதிரிகளாக அது கேட்டு வாங்கினால், அடுத்த தொகுதியைத் தர நமக்கு 2.67 மில்லி விநாடிதான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒலி த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) ஒரு லாக்குக்காக, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டுக்காக, காத்து நின்றால் தீர்ந்தது. அதனால்தான் லாக் இல்லாத ரிங் பஃபர்: கடைசி இடம் நிரம்பியதும் முதல் இடத்துக்கே திரும்பும் வட்டமான நினைவகப் பகுதி. ஒரு த்ரெட் மாதிரிகளை இட்டுவிட்டு, ‘இதுவரை நிரப்பியாயிற்று’ என்று எழுது எண்ணை நகர்த்தும். இன்னொன்று அந்த எண்ணைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்.

இன்டெல் கணினியில் என் நிரல் பிசகின்றி ஓடியது. ஏஆர்எம் வகை ப்ராசஸர் உள்ள கைபேசியில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டக்’. எழுதும் பக்கத்தின் இரண்டு வரிகளையும் நாள்கணக்கில் உற்றுப் பார்த்தேன். முதலில் மாதிரி, பிறகு எண். வரிசை சரியாகவே இருந்தது. நான் எழுதிய வரிசையில்தான் நடக்கும் என்று நம்பியதுதான் பிழை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் வரிகளை இடம் மாற்றலாம். ஏஆர்எம் ப்ராசஸரிலோ, பின்னால் எழுதிய எண் மாதிரிகளை முந்திக்கொண்டு மற்றொரு கோருக்கு (ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) தெரிந்துவிடலாம். புது எண்ணை நம்பிப் போகும் த்ரெட், போன சுற்றில் கிடந்த பழைய மாதிரிகளை அள்ளிக்கொண்டு வரும். இன்டெல் ப்ராசஸர் எழுதும் வரிசையைக் காப்பாற்றுவதால் என் தவறு அங்கே ஒளிந்துகொண்டது.

அந்த எண்ணைப் படிப்பதையும் எழுதுவதையும் கம்பைலர் தவிர்க்கக் கூடாது என்று சொல்லும் ‘வாலடைல்’ குறியை இட்டுப் பார்த்தேன்; அது ப்ராசஸரைக் கட்டுப்படுத்தவில்லை. தேவைப்பட்டது மெமரி பேரியர், அதாவது நினைவகத்தில் எழுதுவதும் படிப்பதும் வரிசை மாறாமல் தடுக்கும் வேலி. சி, சி++ மொழிகளின் 2011 தரநிர்ணயத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. எண்ணை ‘ரிலீஸ்’ முறையில் எழுதினால், அதற்கு முன் எழுதியவை அதற்குப் பின்தங்காது. ‘அக்வயர்’ முறையில் படித்தால், அதற்குப் பின் படிக்க வேண்டியவை அதை முந்தாது. இரண்டும் ஜோடி, ஒன்றை விட்டால் மற்றொன்றால் பயனில்லை.

அப்படியும் எப்போதாவது ஒரு ‘டக்’ மிஞ்சியது. படிக்கும் பக்கமும் ‘இதுவரை எடுத்தாயிற்று’ என்று தன் எண்ணை நகர்த்துகிறதல்லவா? அந்த எண் முந்தினால், எடுத்து முடிக்காத இடத்தின் மேலேயே புது மாதிரி விழும். அங்கேயும் அதே ஜோடியை வைத்தேன். பிறகு ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் மாதிரிக்கு மாதிரி ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. வணக்கம்.